சொல் கேளுங்கள்: மூணு துள்ளு

கேள்வி: பொங்கலுக்கு டிவியில் ஜல்லிக்கட்டு பார்த்தேன். வர்ணனையில் 'மூணு துள்ளு தாங்கிட்டான்' என்றார்கள். துள்ளு என்பது வினைச்சொல் ஆயிற்றே, அதை எண்ணலாமா? துள்ளுவதும் குதிப்பதும் ஒன்றுதானா?
(ஒரு வாசகி, கோவில்பட்டி)

தாராளமாக எண்ணலாம். 'ரெண்டு அடி வச்சான்', 'ஒரு உதை விட்டான்' என்கிறோமே, அதே இலக்கணம்தான். வினையின் பகுதி விகுதி எதுவும் சேராமல் பெயராக நிற்பதை முதனிலைத் தொழிற்பெயர் என்பார்கள். வாடிவாசலில் இது வெறும் பேச்சு வழக்கும் இல்லை, விதியே அதுதான். திமிலை மட்டும் பிடித்துக்கொண்டு, மாடு மூன்று முறை துள்ளும்வரை விடாமல் தாங்கினால் பிடி செல்லும். 15 மீட்டர் கூடவே ஓடினாலும் செல்லும். வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது.

அடுத்த கேள்விக்கு வருகிறேன். இரண்டும் ஒன்றில்லை. கிணற்றில் குதிக்கிறோம், வாய்க்காலைத் தாவுகிறோம், மாங்காய்க்கு எம்புகிறோம். இதிலெல்லாம் போய்ச் சேர ஓர் இடம் உண்டு. துள்ளுவதற்கு அது கிடையாது. எங்கள் வீட்டுக் கொட்டிலில் வெள்ளாட்டுக் குட்டிகளை மணிக்கணக்காகப் பார்த்தவன் நான். பால் குடித்துவிட்டுச் சும்மா நிற்கும். திடீரென்று நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்பும், முதுகு வளையும், உடம்பு ஒரு பக்கமாக நெளியும், எழும்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். எதையும் எட்டிப் பிடிக்க அல்ல, யாருக்கும் பயந்தும் அல்ல. உள்ளே இருக்கிற தெம்பு அடங்காமல் வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

அந்தத் தெம்பு மனிதரிடம் கொஞ்சம் கூடிப்போனால் நமக்குப் பிடிப்பதில்லை. 'ரொம்பத் துள்ளாதே' என்று அதட்டுகிறோம். 'துள்ளுகிற மாடு பொதி சுமக்கும்' என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். (சொன்னவர் மாட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும், மாடு இதை ஒப்புக்கொள்ளாது.) உயிர் போகிற நேரத்துக்கும் இதே சொல்தான். 'துள்ளத் துடிக்க' என்பதை மீன்காரம்மாவும் சொல்கிறார், கொலைச் செய்தி எழுதுகிற நிருபரும் எழுதுகிறார்.

கேள்வி: யாப்பில் 'துள்ளலோசை' என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஓசை எப்படித் துள்ளும்?
(ஒரு வாசகர், மதுரை)

'துள்ளல் ஓசை கலியென மொழிப' என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது, அதாவது கலிப்பாவின் ஓசை துள்ளல். மனப்பாடத்தை விடுங்கள், விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே இந்த வரியை வாய்விட்டுப் படியுங்கள்: 'செல்வப்போர்க் கதக்கண்ணன் செயிர்த்தெறிந்த சினவாழி.' முதல் சீர் 'செல்வப்போர்க்', 'போர்க்' என்று நெடில் ஒற்றோடு தனியே நிற்கும் நேரசையில் ஊன்றி முடிகிறது. அடுத்தது 'கதக்' என்று இரண்டு குறில் சேர்ந்த நிரையசையில் கிளம்புகிறது. 'செயிர்', 'சின' எல்லாமே அப்படித்தான். ஊன்றி எழும்பி, ஊன்றி எழும்பிப் போகிறது. நேரில் முடியும் மூவசைச் சீரான காய்ச்சீருக்குப் பின் நிரை வரும் இந்தக் கட்டுக்குக் கலித்தளை என்று பெயர்.

ஏறுதழுவலை விரிவாகப் பாடுவது கலித்தொகையின் முல்லைக்கலிதான். மாட்டின் துள்ளலுக்காகவே துள்ளலோசையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று மேடையில் சொன்னால் கைதட்டு கிடைக்கும். நான் சொல்ல மாட்டேன். கலித்தொகையின் 150 பாட்டும் கலிப்பாதான். பிரிவுக்கும் ஊடலுக்கும்கூட அங்கே அதே ஓசை.

கேள்வி: கேரளத்து ஆட்டக்கலையான ஓட்டன் துள்ளலில் இருப்பதும் நம் துள்ளல்தானா?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

அதே சொல்தான். மலையாளத்தில் 'துள்ளுக' என்றால் துள்ளுவது, ஆடுவது இரண்டும் உண்டு. பாம்புக் காவுகளில் (நாகத்தை வழிபடும் சோலைகளில்) நாகப் பாட்டுப் பாடும் புள்ளுவர் சமூகத்தாரின் பாட்டுக்கு அருள் வந்து ஆடுவதைச் 'சர்ப்பம் துள்ளல்' என்கிறார்கள். துள்ளலைக் கலையாக்கியவர் 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் குஞ்சன் நம்பியார். அம்பலப்புழைக் கோயிலில் சாக்கியார் ஒருவரே கதை சொல்லி நடிக்கும் சாக்கியார் கூத்துக்கு மிழாவு என்ற தோல் வாத்தியம் வாசித்த நம்பியார் நடுவில் தூங்கிவிட, சாக்கியார் சபையிலேயே கேலி செய்தாராம். மறுநாள் அதே நேரத்தில் பக்கத்திலேயே நம்பியார் புதிதாக ஓர் ஆட்டம் ஆட, கூத்துக்கு வந்த கூட்டம் இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டதாம். இது வழிவழியாக வருகிற கதை. ஒற்றை ஆளே பாடி, ஆடி, ஊரைக் கிண்டலடிப்பதுதான் துள்ளல். ஓட்டன், சீதங்கன், பறையன் என்று மூன்று வகை. ஓட்டனுக்குத்தான் வேகம் அதிகம்.