ஜிம்மி ராஜர்ஸின் பழைய இசைத்தட்டுகளை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சின்ன வயதில் எங்கள் காலனியில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தின் வீட்டு கிராமபோனில், அமெரிக்காவின் மிஸிஸிப்பியைச் சேர்ந்த பாடகர் ஜிம்மி ராஜர்ஸின் பாட்டைக் கேட்டிருக்கிறேன். போன மாதம் பழைய சாமான் கடையில் அவருடைய ஒரு தட்டு கிடைத்தது. லேபிளில் ‘ட்வின்’ என்று இருக்கிறது. அன்றிலிருந்து அவருடைய எல்லாத் தட்டுகளையும் சேர்க்க ஆசை. இணையத்தில் ஒருவர், ‘ராஜர்ஸின் முதல் அமெரிக்கத் தட்டு, சின்ன விரிசல் மட்டும்’ என்று 35,000 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா? - ஒரு வாசகர், பொன்மலை

பதில்: வாங்காதீர்கள். விரிசல் சின்னது என்று விற்பவர் சொல்லலாம். ஆனால் தட்டு நிமிடத்துக்கு 78 தரம் சுற்றுகிறது. முள் அந்த விரிசலைத் தாண்டும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு அடி விழும். மூன்று நிமிடப் பாட்டில் இருநூறு அடிக்கு மேல் கேட்பீர்கள். விரிசலும் நாளுக்கு நாள் ஓடும்.

அது முதல் தட்டுதானா என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 1927 ஆகஸ்ட் 4 அன்று, டென்னசி, வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டல் ஊரில், விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் ராஜர்ஸின் முதல் இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்தார். ‘தி சோல்ஜர்ஸ் ஸ்வீட்ஹார்ட்’ ஒரு பக்கம், ‘ஸ்லீப், பேபி, ஸ்லீப்’ மறுபக்கம். விக்டர் எண் 20864. லேபிளை நேராகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் அந்த ஆளை விட்டுவிடுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஜிம்மி ராஜர்ஸ் என்ற பெயரில் இன்னொரு பாடகரும் உண்டு. உங்களுடையவர் 1897இல் பிறந்து, 1933 மே 26 அன்று 35 வயதில் காசநோயால் நியூயார்க்கில் இறந்தவர். மற்றவர் அதே 1933இல் பிறந்து, 1957இல் ‘ஹனிகோம்ப்’ பாட்டால் பிரபலமானவர். விற்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ இருவரையும் கலந்துவிடுகிறார்கள்.

சரி, எது கிடைக்கும், எது கிடைக்காது? 1927 நவம்பரில் பதிவான ‘ப்ளூ யோடல்’தான் அவரை நாடறியச் செய்தது. அடிக்குரலில் பாடிக்கொண்டே வந்து சட்டென்று கள்ளக்குரலுக்குத் தாவும் அந்த யோடலை முதலில் கேட்ட நாளை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். லட்சக்கணக்கில் விற்ற தட்டு அது. அதனால் இன்றும் தேடினால் அகப்படும். ‘முதலில் வந்தது என்றால் அரிது’ என்ற நம் நினைப்புக்கு மாறாக, அவருடைய கடைசிக் காலத் தட்டுகள்தான் அரிது. 1929க்குப் பின் பொருளாதாரம் சரிந்தபோது அமெரிக்காவில் தட்டு வாங்குவதையே மக்கள் நிறுத்திவிட்டார்கள். ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் ட்ரம்பெட் வாசித்த ‘ப்ளூ யோடல் நம்பர் 9’ அந்த மோசமான காலத்தில், 1931இல் வெளிவந்தது. லேபிளில் ஆம்ஸ்ட்ராங்கின் பெயர்கூட இல்லை. ராஜர்ஸ் இறந்த பிறகு அவர் படத்தையே தட்டின் மேல் அச்சிட்டு விக்டர் ஒன்று வெளியிட்டது. சேகரிப்பாளர்கள் ஆயுள் முழுக்கத் தேடுவது அதைத்தான். நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

என்னைக் கேட்டால், கையில் இருக்கும் ட்வின்னிலிருந்தே தொடங்குங்கள். எச்.எம்.வி.யின் மலிவு விலை லேபிள் அது. ராஜர்ஸின் பாட்டுகள் அந்த நாளிலேயே இந்தியாவில் வெளியாயின என்பதற்கு உங்கள் தட்டே சாட்சி. உங்கள் காலனி வீட்டில் சுழன்றதும் இப்படி ஒன்றாக இருக்கலாம். அமெரிக்கத் தட்டுக்கு ஓடுகிறவர்கள் இவற்றை மதிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத் தட்டுகளுக்கு உயிரான அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்துதான் உலகம் முழுக்கப் போனது. மிஸிஸிப்பிக்காரரின் குரல் நம் காட்டு அரக்கில் பதிந்து நமக்கே திரும்பி வந்திருக்கிறது.

அரக்கு என்பதால் ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிட், கொலோன் எதையும் தொடவிடாதீர்கள். பல வருடம் முன்பு, அழுக்கேறிய ஒரு தட்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பஞ்சில் கறுப்பாக வந்ததை அழுக்கு என்று நினைத்தேன். வந்தது தட்டேதான். ஒரு பக்கம் முழுக்கப் போய்விட்டது. இன்னும் அந்தத் தட்டைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி, லேபிளில் ஈரம் படாத கை; இவ்வளவு போதும். துடைத்து, நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள்.

சாவி கொடுக்கும் பெட்டியில் போடுவதானால் எஃகு முள்ளைப் பக்கத்துக்கு ஒன்று மாற்றுங்கள். மழுங்கிய முள் தட்டைத் தின்றுவிடும். மின்சார ரெக்கார்டு பிளேயர் என்றால் 78க்கென்று விற்கும் ஸ்டைலஸைத் தனியாக வாங்குங்கள். பிற்காலத்தில் வந்த நீண்டநேர எல்.பி. தட்டின் முள்ளைப்போல மூன்று மடங்கு பருமன் இருக்கும். எல்.பி. முள் பள்ளத்தின் அடியில் புரண்டு இரைச்சலைத்தான் பொறுக்கும். தட்டுகளைப் புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள், அடுக்கிப் படுக்க வைத்தால் அடித்தட்டு உடையும். அப்புறம், தபாலில் வாங்கும்போது தட்டின் இரு பக்கமும் கெட்டி அட்டை வைத்து, பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டச் சொல்லுங்கள். கூடுதல் செலவை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

அடுத்து எதைத் தேடுவது என்றால், ‘வெயிட்டிங் ஃபார் எ ட்ரெயின்’. 1928 அக்டோபரில் அட்லாண்டாவில் பதிவானது, விக்டர் வி-40014. ஆரம்பத்திலேயே ரயில் விசிலை வாயாலேயே ஊதிக் காட்டுவார். கையில் காசில்லாமல் சரக்கு ரயிலில் ஏறப் பார்ப்பவனை பிரேக்மேன், அதாவது ரயிலின் பிரேக்கைக் கவனிக்கும் ஊழியர், இறக்கிவிடும் பாட்டு. ராஜர்ஸே ரயிலில் பிரேக்மேனாக இருந்தவர். காசநோய் வந்த பிறகுதான் அந்த வேலை கையை விட்டுப் போனது. ரயில்வேயில் இருந்த உங்களுக்கு அந்த விசில் என்ன செய்கிறது என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். உங்கள் ட்வின் தட்டின் எண்ணையும் அதோடு குறித்து அனுப்புங்கள்.