வாசகர் கேள்வி – பதில்: புதிய போர்டும் எரிந்தது ஏன்?

கேள்வி: எங்கள் வீடு உவரியில், கடலை ஒட்டி இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி., ஓர் இடிமழைக்குப் பிறகு குளிர்விக்கவில்லை. உள்ளே காற்று வருகிறது, விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது, வெளி யூனிட் ஓடவேயில்லை. மெக்கானிக் வெளி யூனிட்டின் போர்டை மாற்றினார். சில வாரங்களில் அதுவும் எரிந்துவிட்டது. இப்போது கம்ப்ரசரே போய்விட்டது, புதிய ஏ.சி. வாங்கிவிடுங்கள் என்கிறார். வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், உவரி

பதில்: முதல் போர்டு இடியில் போயிருக்கலாம். ஆனால் மாற்றிய போர்டும் சில வாரங்களில் எரிந்தது என்றால், அதை எரித்த காரணம் இன்னும் வெளி யூனிட்டிலோ வீட்டு மின் இணைப்பிலோ இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அது தெரியும்வரை இன்னொரு போர்டுக்கும் பணம் கொடுக்காதீர்கள், புதிய ஏ.சி.க்கும் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை இந்தப் போர்டு நேர்மின்னோட்டமாக்கி, 300 வோல்ட்டுக்கும் மேலாகப் பெரிய கெப்பாசிட்டர்களில் தேக்கி, பிறகு மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் ஐ.பி.எம். எனப்படும் மாட்யூல் வழியாக மூன்று கம்பிகளில் கம்ப்ரசருக்கு அனுப்புகிறது. அந்த மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் கூட்டியும் குறைத்தும்தான் கம்ப்ரசரின் வேகம் மாற்றப்படுகிறது. ஆகவே கம்ப்ரசர் காயிலில் ஷார்ட் இருந்தாலும், வெளி விசிறியின் டி.சி. மோட்டாரில் ஷார்ட் இருந்தாலும், அடி விழுவது போர்டின் மேல்தான். புதிய போர்டை மாட்டுவதற்கு முன் இவ்விரண்டையும் சோதித்தாரா என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

சோதனை கடினமானதல்ல; ஆனால் மெயினை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் நிற்கும் என்பதால், பத்து நிமிடம் பொறுத்து, அது சில வோல்ட்டுக்குள் இறங்கியதை மல்டிமீட்டரில் பார்த்த பின்பே யாரும் உள்ளே கை வைக்க வேண்டும். இதை நீங்களே செய்ய வேண்டாம். பக்கத்தில் நின்று பாருங்கள். கம்ப்ரசரின் மூன்று கம்பிகளையும் போர்டிலிருந்து கழற்றி இரண்டிரண்டாக அளந்தால், மூன்று அளவுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். பல மாடல்களில் அது ஓரிரண்டு ஓம்தான். ஒன்று மட்டும் மாறினால் காயில் கெட்டிருக்கிறது. அதன்பின் கம்பிக்கும் கம்ப்ரசரின் உடலுக்கும் இடையே, காப்பின் தரத்தை அளக்கும் மெகர் என்ற கருவியை வைத்து மின்கசிவு பார்க்க வேண்டும். கம்பியைக் கழற்றாமல் மெகர் வைத்தால் நல்ல போர்டும் அங்கேயே போய்விடும். விசிறி மோட்டாரையும் பிளக்கை உருவி, அதன் மின்சாரக் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் ஷார்ட் உண்டா என்று பார்க்க வேண்டும். இந்த அளவுகளைச் சொல்லாமல் “கம்ப்ரசர் போய்விட்டது” என்று மட்டும் சொன்னால் அது தீர்ப்பே தவிர சோதனை அல்ல.

இவை நன்றாக இருந்தால் எரிந்த போர்டையே பாருங்கள். பியூஸ் போய், அதன் அருகே வில்லை போலிருந்து, மிகை வோல்டேஜைத் தாங்கிப் போர்டைக் காக்கும் வேரிஸ்டரும் வெடித்திருந்தால் வந்தது உயர் வோல்டேஜ். நியூட்ரல் கம்பி தளர்ந்திருந்தாலும் இப்படி நேரும். வேரிஸ்டர் கெடாமல் மாட்யூல் மட்டும் ஷார்ட் ஆகியிருந்தால் சூட்டைச் சந்தேகிக்கலாம். உங்கள் ஊரில் உப்புக்காற்று, வெளி யூனிட்டில் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் அலுமினியத் தகடுகளை அரித்து அடைத்துவிடும்; காற்றோட்டம் குறைந்தால் மாட்யூலின் சூட்டைத் தணிக்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கும் சேர்ந்து கொதிக்கும். டெர்மினலில் பச்சை பூத்திருந்தால் அந்தக் கம்பியை நறுக்கிப் புதிதாக முறுக்க வேண்டும். எர்த்தையும் அளக்கச் சொல்லுங்கள். கடற்கரை மணலும் திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலும் கோடையில் காய்ந்துவிட்டால், ஆழமில்லாத எர்த் குழி பெயருக்குத்தான் இருக்கும்.

கம்ப்ரசர்தான் பழுது என்று அளவுகளே காட்டினாலும், முதலில் வாரண்டி அட்டையை எடுங்கள். இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்குப் பத்து ஆண்டு வாரண்டி தரும் நிறுவனங்கள் பல. உங்களுடையது நான்கு ஆண்டுதான் ஆகியிருக்கிறது. கேஸுக்கும் கூலிக்கும் மட்டும் நீங்கள் கொடுக்க நேரலாம்.

கேள்வி: ஒவ்வொரு சித்திரையிலும் எங்கள் இன்வெர்ட்டர் ஏ.சி.க்கு கேஸ் நிரப்புகிறோம். இது வழக்கம்தானா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இல்லை. கேஸ் செலவாகும் பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ கசிகிறது. முதலில் குழாய் நட்டுகளில் சோப்பு நுரை வைத்துக் கசிவைக் கண்டு அடைக்க வேண்டும். இன்வெர்ட்டரில் கம்ப்ரசரின் வேகத்தோடு பிரஷரும் மாறிக்கொண்டிருப்பதால், பிரஷர் மீட்டரை மட்டும் நம்பி நிரப்புவது சரிவராது. குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றி (வேக்குவம் செய்து), யூனிட்டின் ஸ்டிக்கரில் உள்ள எடைக்கு நிறுத்து நிரப்ப வேண்டும். ஆர்-32 கேஸ் ஓரளவு தீப்பற்றக் கூடியது என்பதால், அது இருக்கும்போது குழாயில் பற்றவைப்பு வேலை கூடாது. வருபவர் எடை இயந்திரமும் வேக்குவம் பம்பும் கொண்டுவரவில்லை என்றால், இரண்டையும் எடுத்துக்கொண்டு வேறொரு நாள் வரச் சொல்லுங்கள்.