பாரத்தோடு குந்தி எழும்பும் ஸ்குவாட்டில் அடிவரை இறங்கினால் குதிக்கால் எழும்புகிறது. பளுதூக்கலுக்கு இது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். கணுக்கால் போதுமான அளவு மடங்காததால்தான் பெரும்பாலும் குதிக்கால் எழும்புகிறது. அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பதினேழு வயதில் பார் என்னும் பளுதூக்கும் கம்பியைப் பிடித்தவள் நான். இதே சிக்கலோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

எங்கள் லயத்து வாசலில் அப்பாயி குத்தவைத்து உட்கார்ந்து கீரை ஆய்வார். பாதம் இரண்டும் முழுதாகத் தரையில் பதிந்திருக்கும், முழங்கால் விரலைத் தாண்டி முன்னால் நிற்கும். அரை மணி நேரமானாலும் அசையமாட்டார். ஒரே வீச்சில் பாரைத் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச், முதலில் தோளுக்குக் கொண்டுவரும் கிளீன் இரண்டிலும் பாரை வாங்கும் இடம் ஏறக்குறைய அதுதான். அப்பாயிக்கு முதுகு வளைந்திருக்கும், நாம் அதை நிமிர்த்தி வைக்க வேண்டும்.

நான் முதலில் போன ஜிம்மில் முழங்கால் விரலைத் தாண்டவே கூடாது என்றார்கள். அதை நம்பி, இடுப்பைப் பின்னால் தள்ளி இறங்கிப் பழகினேன். பாரை முதுகுப்பக்கம் வைத்துச் செய்யும் பேக் ஸ்குவாட்டில் எடை ஏறியது. கிளீனில் மட்டும் நெஞ்சு முன்னால் சாயும், முழங்கை கீழே இறங்கும். முதல் போட்டியில் 50 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தியும் மூன்று மத்தியஸ்தர்களும் சிவப்பு விளக்குப் போட்டார்கள். கிளீனில் அடியில் இருந்தபோது முழங்கை தொடையில் பட்டிருக்கிறது. முழங்கையோ மேல்கையோ தொடையில், முழங்காலில் பட்டால் அந்தத் தூக்கு செல்லாது. பட்ட வேகத்தில் மணிக்கட்டும் முறியலாம்.

அதனால் முதலில் கணுக்காலைப் பாருங்கள். சப்பாத்தைக் கழற்றி, பெருவிரலைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, குதிக்கால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். எட்டவில்லையென்றால், தினமும் அடிவரை குந்தி, முழங்கால் மேல் ஒரு பிளேட்டை (பாரில் மாட்டும் எடைத்தட்டு) வைத்து ஒவ்வொரு காலுக்கும் ஒரு நிமிடம் இருங்கள். மலைநாட்டு விடியல் குளிரில் கெண்டைக்கால் கயிறுபோல இறுகியிருக்கும், கால் மணி நேரம் உடம்பைச் சூடாக்காமல் பாருக்குக் கீழே போக வேண்டாம். பளுதூக்கும் சப்பாத்தில் குதி ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உயர்ந்து கெட்டியாக இருக்கும், அதுவும் நன்றாக உதவும். மெத்தென்ற ஓட்டச் சப்பாத்து மட்டும் வேண்டாம்.

பவர்லிஃப்டிங் என்ற வேறொரு விளையாட்டில் ஸ்குவாட்டே ஒரு போட்டித் தூக்கு. அதனால் அவர்களில் பலர் பாரை முதுகில் தாழ்த்தி வைத்து இடுப்பால் தூக்குகிறார்கள். நமக்கு ஸ்குவாட் என்பது கிளீனிலிருந்து எழும்புவதற்கான பலம். பாரைக் கழுத்தடித் தசைமேல் உயர்த்தி வையுங்கள், முழங்காலும் இடுப்பும் ஒன்றாக மடங்கட்டும். வாரத்தில் இரண்டு நாள் பேக் ஸ்குவாட் ஐந்தைந்து தடவையாக, ஒரு நாள் பாரைத் தோளின் முன்பக்கம் வைக்கும் ஃபிரண்ட் ஸ்குவாட் மும்மூன்றாகச் செய்யலாம். ஃபிரண்ட் ஸ்குவாட்டில் மூன்றுக்கு மேல் போனால் காலுக்கு முன் மேல்முதுகு களைத்துவிடும், முழங்கை விழும். பேக் ஸ்குவாட் எடையில் 85 வீதம் அளவுக்கு ஃபிரண்ட் ஸ்குவாட் வந்தால் நல்லது. மூச்சை வயிறு நிறைய இழுத்து அடக்கி இறங்குங்கள். எழும்பும்போது முதலில் முழங்கையைத் தூக்க நினையுங்கள், நெஞ்சு தானாக நிமிரும்.

இரண்டு காலையும் தனித்தனியாகச் சோதியுங்கள். சின்ன வயதில் கொழுந்து மலையில் வழுக்கிச் சுளுக்கிய என் இடது கால் 6 சென்டிமீட்டரில் நின்றது. அதை 9 ஆக்க நான்கு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு என் முழங்கை தொடையில் பட்டதேயில்லை.