கணவருக்கு நுரையீரல் கொடுக்க மனைவியைக் கட்டாயப்படுத்த முடியுமா?

கேள்வி: என் கணவருக்கு நுரையீரல் சுருங்கும் நோய் முற்றிவிட்டது, வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம். உயிரோடு இருக்கும் இருவர் ஆளுக்கு ஒரு பகுதி கொடுத்தால் பிழைப்பார் என்று கேள்விப்பட்டு, நானும் அவருடைய அண்ணன் மகனும் (வயது 17) கொடுக்க வேண்டும் என்கிறார் மாமியார். எனக்கு 4 வயதில் குழந்தை இருக்கிறது. பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போடாவிட்டால் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார்கள். நான் மறுக்கலாமா?

பதில்: தாராளமாக மறுக்கலாம், சகோதரி. அதற்காகக் குற்ற உணர்வும் வேண்டாம். கல்லீரல் வெட்டிய பின் வளரும். தானமாக வெட்டி எடுக்கும் நுரையீரலின் கீழ் மடல் (கீழ்ப்பகுதி) போனால் போனதுதான். உயிரோடு இருப்பவர்கள் கொடுக்கும் இந்தச் சிகிச்சை ஜப்பானில் 1998 முதல் நடக்கிறது. ஆனால் நம் நாட்டில் நுரையீரல் பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்தே கிடைக்கிறது. அதனால் மருத்துவரிடம் பேசி, கணவரின் பெயரை மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் முதலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி மனைவி நெருங்கிய உறவினர். கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம் என்பதுதான் அதன் பொருள், கொடுத்தே ஆக வேண்டும் என்பதல்ல. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகும், அறுவை சிகிச்சைக்கு முன் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். தானம் தருபவர் பெண் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சம்மதத்தை உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று 2014 விதிகளே சொல்கின்றன. அந்தச் சமயத்தில் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். பயம், மிரட்டல் எல்லாவற்றையும் அப்படியே சொல்லுங்கள். நீங்கள் சொன்னது வீட்டாருக்குத் தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணன் மகன் பேச்சையே விட்டுவிடச் சொல்லுங்கள். அவனுக்கு 18 வயது ஆகவில்லை. 18 ஆகியிருந்தாலும், சட்டம் சொல்லும் நெருங்கிய உறவினர் பட்டியலில் அவன் இல்லை. அப்படிப்பட்டவர்கள் கொடுப்பதை ஆராயும் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். சரி, வெளியாள் யாருக்காவது பணம் கொடுத்து ஏற்பாடு செய்யலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 5 முதல் 10 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 20 லட்சம் ரூபாய்.

வீட்டை விட்டு அனுப்புவோம் என்கிறார்களே, அதற்கும் வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் சட்ட நடைமுறை இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. மிரட்டல் தொடர்ந்தால் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள். அவசரம் என்றால் 181க்குப் போன் செய்யுங்கள்.