மொட்டை மாடியிலிருந்து நிலாக்கள்: வாசகர் கேள்விகள்

பெங்களூருவில் மழை ஓய்ந்து வானம் தெளியும் மாதங்களில் நிலாக்களைப் பற்றிய கேள்விகள் அதிகம் வரும். இந்த முறை வந்தவற்றில் சில.

மகளின் பாடப் புத்தகத்தில் வியாழனுக்குத்தான் அதிக நிலா என்று இருக்கிறது. யூடியூபில் சனி என்கிறார்கள். எது சரி? (பானஸ்வாடி வாசகி)

இப்போது சனிதான். 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 நிலாக்கள் சேர்ந்து அதன் கணக்கு 274 ஆனது. வியாழனுக்கு நூறை ஒட்டி இருக்கிறது. இடையில் 2023 தொடக்கத்தில் வியாழன் சில மாதங்கள் முந்தி நின்றது. ஆகவே புத்தகம் அச்சான நேரத்தில் அது சரியாகவே இருந்திருக்கலாம். தேர்வில் புத்தகத்தில் உள்ளதை எழுதட்டும், வீட்டில் சரியானதைச் சொல்லிக் கொடுங்கள்.

ஆனால் அம்மா, இந்த எண்ணிக்கையை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். புதிதாகச் சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை அல்சூரிலிருந்து மெஜஸ்டிக் போகும் தூரம்கூட இல்லாத கற்கள். வியாழனின் கனிமீடு 5,268 கிலோமீட்டர் விட்டம் கொண்டது, புதன் கோளையே விடப் பெரியது. சனியின் டைட்டனில் நம் பூமியைவிட அடர்ந்த காற்று உண்டு. 2005 ஜனவரியில் ஹைகன்ஸ் கலம் பாராசூட்டில் தொங்கியபடி அங்கே போய் இறங்கியது. குழந்தைக்கு இவற்றைச் சொல்லுங்கள்.

இவ்வளவு தெருவிளக்கு வெளிச்சத்தில் வேறு கோளின் நிலாவைப் பார்க்க முடியுமா? (ராமமூர்த்தி நகர்)

தாராளமாக. வியாழனின் நான்கு பெரிய நிலாக்களுக்கு ஊர் வெளிச்சம் தடையே இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் 10x50 பைனாகுலர் போதும். கையில் பிடித்தால் ஆடும், அதனால் மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். வியாழனுக்கு இருபுறமும் ஒரே கோட்டில் சிறு புள்ளிகள் தெரியும்.

ஒரு நாள் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பள்ளி நோட்டில் ஒரு வட்டம் போட்டு, புள்ளிகள் இருக்கும் இடத்தைத் தினமும் குறியுங்கள். கலிலியோ 1610 ஜனவரியில் செய்தது இதைத்தான். நாளுக்கு நாள் இடம் மாறியும் வியாழனை விட்டு அவை விலகவில்லை என்பதைக் கண்டபோதுதான் அவை அதைச் சுற்றுகின்றன என்று அவருக்குப் புரிந்தது. ஒரு வாரம் குறித்தால் உங்களுக்கும் புரியும். படத்தில் ஆயிரம் முறை பார்த்தாலும் அந்த ஒரு வாரத்துக்கு ஈடாகாது.

புதனுக்கும் வெள்ளிக்கும் நிலா உண்டா?

இரண்டுக்குமே இல்லை.

சூரியனிலிருந்து அவ்வளவு தொலைவில் இருக்கும், வியாழனின் நிலாவான ஐயோவில் எரிமலை எப்படி? (கட்டடப் பணி மேற்பார்வையாளர், ஓசூர் ரோடு)

உங்கள் தொழிலிலேயே பதில் இருக்கிறது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வேகமாக வளைத்தால் வளைந்த இடம் சுடுமல்லவா? ஐயோவுக்கும் அதே கதிதான். அது வியாழனை ஒருமுறை சுற்ற சுமார் 42 மணி நேரம். அடுத்த நிலாவான யூரோப்பாவுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு, கனிமீடுக்கு நான்கு மடங்கு. இந்தத் தாளம் பிசகாமல் இருப்பதால், மற்ற இரண்டும் இழுத்து இழுத்து ஐயோவின் பாதையை முழு வட்டமாக விடுவதில்லை. வியாழனை அது நெருங்கும்போது இழுவை கூடுகிறது, விலகும்போது குறைகிறது. பாறையே பிசையப்பட்டுச் சூடேறி உருகுகிறது.

இதை பீல், கேசன், ரெனால்ட்ஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் 1979 மார்ச்சில் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். அடுத்த சில நாட்களிலேயே வாயேஜர் 1 விண்கலம் அனுப்பிய படத்தில் நாசா பொறியாளர் லிண்டா மொராபிட்டோ எரிமலைப் புகையைக் கண்டுபிடித்தார். யூரோப்பாவின் பனிக்கடியில் கடல் உறையாமல் இருப்பதும் இதே பிசைதலால்தான் என்று கருதுகிறார்கள். அதை நெருங்கி ஆராய 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடையும்.

மேற்கே உதிக்கும் நிலா உண்டு என்று மகன் அடம்பிடிக்கிறான்.

தம்பி சொல்வது சரி. செவ்வாயின் போபோஸ் 7 மணி 39 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. செவ்வாய் தன்னைத்தானே சுற்ற இருபத்து நாலரை மணிக்கு மேல் ஆகும். தரையை நிலா முந்துவதால் மேற்கே எழுந்து கிழக்கே மறையும்.

எங்கள் தாத்தா ஆலங்காயத்துக்காரர். காவலூரில் யுரேனசுக்கு ஒரு நிலா கண்டுபிடித்தார்கள் என்பார். உண்மையா? (கோரமங்களா வாசகர்)

தாத்தா சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. காவலூர் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் உங்கள் கோரமங்களாவில்தான் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போகிறது என்று உலகமே காத்திருந்தது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அந்த விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கித் திரும்பியது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதைப் புதிய துணைக்கோள் என்று ஆய்விதழில் எழுதினார்கள்.

அதே இரவு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி அமெரிக்க வானியலாளர் ஜேம்ஸ் எலியட்டின் குழுவும் அளந்துகொண்டிருந்தது. கோள் மறைப்பதற்கு முன்பு விண்மீனின் ஒளி எப்படி விட்டுவிட்டு மங்கியதோ, கோள் விலகிய பின்னும் அதே இடைவெளிகளில் மங்கியது. நிலாவால் இப்படி இருபுறமும் மறைக்க முடியாது, வளையத்தால் முடியும். யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அப்படித்தான். காவலூர் அளவீட்டில் தவறில்லை. நிலா என்று நினைத்தது ஒரு வளையம், அவ்வளவுதான். தாத்தாவிடம் சொல்லுங்கள், அவர் ஊர் மலை மேலிருந்து அன்றிரவு அதைப் பார்த்தது நிஜம்.