கணவர் சம்பளத்தைக் காட்டி என் பெயரில் கிரெடிட் கார்டு வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். எனக்கு 31 வயது, எச்-4 விசா (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தருவது). கணவர் எச்-1பி, ஆண்டுச் சம்பளம் 1,24,000 டாலர். அவருக்கு கிரீன் கார்டுக்கான ஐ-140 மனுவை நிறுவனம் இன்னும் போடவில்லை, அதனால் எனக்கு வேலை அனுமதி கிடையாது. சேர்ந்து வரி தாக்கல் செய்தபோது எனக்கு ஐ.டி.ஐ.என். (சமூகப் பாதுகாப்பு எண் கிடைக்காதவர்களுக்கான வரி எண்) வாங்கினோம். சம்பளம் அவர் பெயரில் மட்டும் இருக்கும் கணக்கில் விழுகிறது. மாதாமாதம் என் கணக்குக்கு 1,800 டாலர் அனுப்புவார்; மளிகை, பையன் செலவு, என் செலவு எல்லாம் அதில்தான். வாடகை 2,400 டாலரை அவரே கட்டிவிடுவார். போன மாதம் ஒரு துணிக்கடையில் தள்ளுபடி கிடைக்கும் என்று சொன்னதால் கார்டுக்கு விண்ணப்பித்தேன். வருமானம் என்ற இடத்தில் 0 என்று போட்டேன். நிராகரித்துக் கடிதம் வந்துவிட்டது. "கணவர் சம்பளத்தை அப்படியே எழுது, யாரும் பார்க்க மாட்டார்கள்" என்கிறாள் தோழி. "வேலை செய்யாதவள் வருமானம் காட்டினால் விசாவுக்கு வம்பு, என் கார்டிலேயே உன்னையும் சேர்த்துவிடுகிறேன்" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?

பதில்: கணவர் வருமானத்தை எழுதலாம். சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் இன்று நீங்கள் இருக்கும் நிலையில் 1,24,000 என்று முழுசாக எழுதச் சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் பொறுத்தால் அதையும் எழுதலாம். ஏன் என்று புரிய, இந்த விதி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

2009-இல் அமெரிக்காவில் கிரெடிட் கார்டு சட்டம் ஒன்று வந்தது. கல்லூரி வாசலில் டி-ஷர்ட்டும் பீட்சாவும் கொடுத்து மாணவர்கள் தலையில் கார்டைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. திருப்பிக் கட்டும் சக்தி இருக்கிறதா என்று பார்க்காமல் கார்டு தரக்கூடாது, 21 வயதுக்குக் கீழே என்றால் சொந்த வருமானம் இருக்க வேண்டும் அல்லது வயதில் மூத்தவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றது சட்டம். அதுவரை சரி. 2011-இல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் விதிகளைத் திருத்தியபோது, சொந்த வருமானம் என்ற நிபந்தனையை எல்லா வயதினருக்கும் நீட்டிவிட்டது. இருபது வருடம் குடும்பம் நடத்திய ஐம்பது வயதுப் பெண்ணும் பதினெட்டு வயது மாணவனும் வங்கிக்கு ஒன்றாகிப் போனார்கள். வீட்டில் இருக்கும் மனைவிகளிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2013-இல் விதியை மாற்றியது. 21 வயது நிரம்பியவர், தன் கைக்கு வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வருமானத்தையும் தன் வருமானமாகக் காட்டலாம். அது கணவருடையதாக இருக்கலாம், மனைவியுடையதாக இருக்கலாம், கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழும் துணையுடையதாகவும் இருக்கலாம்.

இங்கேதான் உங்கள் தோழி ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிறார். தாலி கட்டியவர் சம்பளம் என்பதால் அது உங்கள் வருமானம் ஆகிவிடாது. அந்தப் பணம் உங்கள் கைக்கு எட்டுகிறதா என்பதுதான் விதி கேட்கும் கேள்வி. விதியோடு வந்த விளக்கத்தில் உதாரணங்களே கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் இருவர் பெயரிலும் உள்ள ஜாயின்ட் அக்கவுண்ட்டில் விழுந்தால், அந்தச் சம்பளத்தை உங்கள் வருமானமாக வங்கி எடுத்துக்கொள்ளலாம். கணவர் தன் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குத் தவறாமல் ஒரு தொகையை அனுப்பினால், அந்தத் தொகை. உங்களுக்கு அந்தக் கணக்கு எட்டாது, ஆனால் உங்கள் செலவை அவர் வழக்கமாகக் கட்டுகிறார் என்றால், அப்படிக் கட்டும் பகுதி. இது எதுவுமே இல்லை என்றால் எதையும் எழுத முடியாது.

உங்கள் கணக்கைப் போடுவோம். மாதம் 1,800 என்றால் ஆண்டுக்கு 21,600 டாலர். இதில் சந்தேகமே இல்லை, வங்கிப் பதிவே சாட்சி. வாடகை இருவருக்கும் பொதுவான செலவு. பாதியை உங்கள் பங்கு என்று வைத்தால் மாதம் 1,200, ஆண்டுக்கு 14,400. ஆக 36,000 டாலர். பாதி என்பது என் கணக்கு, சட்டம் அப்படி விகிதம் எதுவும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் காகிதத்தை எடுத்து வைத்து விளக்க முடிகிற எண்ணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் கார்டுக்கு 36,000 தாராளம்.

நீங்கள் டெக்சாஸிலோ கலிஃபோர்னியாவிலோ வாஷிங்டனிலோ இருந்தால் கதை வேறு. அங்கெல்லாம் திருமணத்துக்குப் பிறகு ஒருவர் சம்பாதிப்பது இருவருக்கும் சொந்தம் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. அரிசோனா, நெவாடா, நியூ மெக்சிகோ, ஐடஹோ, லூசியானா, விஸ்கான்சின் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. சட்டம் அப்படி உரிமை கொடுத்தால், வங்கி அந்த வருமானத்தையும் கணக்கில் எடுக்கலாம். டெக்சாஸில் இருக்கும் ஒருவர் அப்படி எழுதினால் செல்லும் என்பதற்காக எடிசனில் நீங்களும் அப்படியே எழுதிவிட முடியாது. நியூ ஜெர்சி அந்த வகை மாநிலம் இல்லை.

"யாரும் பார்க்க மாட்டார்கள்" என்பதைப் பற்றி. பெரும்பாலும் பார்ப்பதில்லை, உண்மைதான். வருமானம் உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் கிரெடிட் ரிப்போர்ட்டில் இருக்காது, நீங்கள் சொல்வதைத்தான் வங்கி முதலில் நம்புகிறது. ஆனால் சந்தேகம் வந்தால் சம்பளச் சீட்டு கேட்கலாம், வருமான வரித் துறையிடமிருந்து உங்கள் வரி விவரத்தை நேரடியாகப் பெற உங்கள் கையெழுத்தைக் கேட்கலாம். வங்கிக் கடன் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் எழுதுவது இங்கே கூட்டாட்சிக் குற்றம்; உச்சபட்ச தண்டனை 30 ஆண்டு சிறை, 10 லட்சம் டாலர் அபராதம். ஒரு கார்டுக்காக யாரும் உங்களைச் சிறையில் போடப் போவதில்லை. ஆனால் கார்டுகளை மொத்தமாக மூடிவிடுவார்கள், விசாவில் இருக்கிறவர்கள் இந்த வகைச் சிக்கலைக் கிட்டவே விடக்கூடாது.

அடுத்து கணவரின் பயம். எச்-4 தடுப்பது வேலை செய்வதைத்தான். கணவர் கொடுக்கும் பணத்தில் குடும்பம் நடத்துவதை எந்த விசா விதியும் தடுக்கவில்லை, அதை விண்ணப்பத்தில் எழுதுவதையும் தடுக்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில் வரும். விண்ணப்பத்தில் 'வேலை நிலை' என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே 'இல்லத்தரசி' என்றோ 'வேலையில் இல்லை' என்றோ தேர்ந்தெடுங்கள். 'வேலையில் இருக்கிறேன்' என்று போட்டுக் கணவரின் நிறுவனப் பெயரை எழுதிவிடாதீர்கள். வருமானம் காட்டுகிறோமே, வேலையும் காட்ட வேண்டுமோ என்று குழம்பி இப்படிச் செய்பவர்கள் உண்டு. அது பொய், அதுவும் எச்-4-இல் இருப்பவர் சொல்லவே கூடாத பொய்.

அவர் கார்டில் உங்களைச் சேர்ப்பது, அதாவது ஆதரைஸ்டு யூசர் ஆக்குவது, நல்ல யோசனைதான். நம்மூர் ஆட்-ஆன் கார்டு மாதிரி. அதற்கு உங்கள் வருமானத்தைக் கேட்க மாட்டார்கள். அந்தக் கார்டின் வரலாறு உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஏறும்; ஆனால் உங்கள் ஐ.டி.ஐ.என். எண்ணோடு அதைப் பதிவு செய்வார்களா என்று வங்கியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் இருப்பதிலேயே பழைய கார்டாக, ஒரு தவணையும் தவறாத கார்டாகப் பார்த்துச் சேரச் சொல்லுங்கள். இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அவர் நினைப்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். அந்தக் கார்டு அவருடையது. அவர் மூடினால் மூடிவிடும், அவர் தவணை தவறினால் அதுவும் உங்கள் ரிப்போர்ட்டில் தெரியலாம். நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போய் உங்கள் பெயரில் கார் வாங்கும்போது, நீங்கள் தனியாக ஒரு கடனை எடுத்துக் கட்டியிருக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். வீட்டு நிர்வாகம் முழுக்க ஒருவர் பெயரிலேயே இருப்பது அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எவ்வளவு தொந்தரவு என்பதை அவரிடம் எடுத்துச் சொல்வது உங்கள் சாமர்த்தியம்.

அதனால் முதல் வேலை கார்டு அல்ல, ஜாயின்ட் அக்கவுண்ட். அவர் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கு இருவரும் பாஸ்போர்ட், விசா, ஐ.டி.ஐ.என். கடிதம், முகவரிச் சான்று எடுத்துக்கொண்டு போங்கள். அவருடைய இப்போதைய கணக்கிலேயே உங்களைச் சேர்க்கலாம், அல்லது புதிதாக ஒன்று திறந்து சம்பளத்தை அதற்கு மாற்றச் சொல்லலாம். இரண்டு மூன்று சம்பளம் அந்தக் கணக்கில் விழட்டும். அதன் பிறகு நீங்கள் 1,24,000 என்றே எழுதலாம், வரி பிடிக்கும் முன்னுள்ள தொகையாக. கணவரும் தன் விண்ணப்பத்தில் அதே தொகையை எழுதலாம். ஒரே சம்பளத்தை இருவர் காட்டக்கூடாது என்று விதி இல்லை.

பிறகு விண்ணப்பம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், கேப்பிட்டல் ஒன் போன்றவை ஐ.டி.ஐ.என். வைத்திருப்பவர்களின் விண்ணப்பத்தை ஏற்கின்றன. கணவரின் கணக்கு இருக்கும் வங்கியிலும் கேளுங்கள், ஏற்கெனவே தெரிந்த வாடிக்கையாளர் என்பது உதவும். பல வங்கிகளின் தளத்தில் கார்டு கிடைக்க வாய்ப்பு உண்டா என்று முன்கூட்டியே பார்க்கும் வசதி இருக்கிறது. அதனால் கிரெடிட் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) குறையாது. முழு விண்ணப்பம் போட்டால்தான் வங்கி உங்களைப் பற்றி விசாரித்தது என்ற பதிவு ரிப்போர்ட்டில் ஏறும், இரண்டு வருடம் அங்கே இருக்கும். அதனால் ஒரே வாரத்தில் நான்கு இடத்தில் போட வேண்டாம். எதுவும் நடக்கவில்லை என்றால் 200 டாலர் மாதிரி ஒரு டெபாசிட் கட்டி வாங்கும் செக்யூர்டு கார்டு இருக்கிறது. கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, ஒழுங்காகக் கட்டினால் பின்னால் டெபாசிட் திரும்பி வரும்.

துணிக்கடைக் கார்டு கிடைக்காதது நல்லதுக்குத்தான். அந்தக் கார்டுகளின் வட்டி பெரும்பாலும் 30 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஆனால் அந்த நிராகரிப்புக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். காரணம் அதில் இருக்கும். இல்லை என்றால் 60 நாளுக்குள் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. ரிப்போர்ட்டைப் பார்த்து நிராகரித்திருந்தால் அதன் பிரதியையும் அதே 60 நாளுக்குள் இலவசமாகக் கேட்கலாம். உங்கள் பெயரில் இதுவரை ரிப்போர்ட் என்று ஒன்று உருவாகியிருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். வருமானம் 0 என்று போட்டதோடு, வரலாறே இல்லை என்பதும் காரணமாக இருந்திருக்கலாம்.

கார்டு வந்த பிறகு செய்ய வேண்டியது உங்களுக்கே தெரிந்திருக்கும்: முழு பில்லையும் தேதிக்குள் கட்டுவது, லிமிட்டில் கால்வாசிக்கு மேல் போகாமல் இருப்பது. ஆறு மாதம் ஆனால் உங்கள் பெயரில் ஃபைகோ என்ற கிரெடிட் ஸ்கோர் வரும்.

ஒன்றைக் கணவரும் நீங்களும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும். சம்பளம் அவருடையதாக இருந்தாலும், உங்கள் கார்டின் கடன் உங்கள் பெயரில்தான். நியூ ஜெர்சியில் வங்கி முதலில் துரத்துவது கையெழுத்துப் போட்ட உங்களைத்தான். எச்-1பி-யில் வேலை போனால் அடுத்த நிறுவனம் பார்க்கவோ கிளம்பவோ கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். அந்த 60 நாளில் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டு பெயரில் இரண்டு பாக்கி இருக்கக்கூடாது. ஒரு மாதச் செலவில் கட்டி முடிக்க முடியாத பாக்கியை இந்தக் கார்டில் ஏற்றாதீர்கள். லிமிட் 10,000 கொடுத்தாலும் சரி.

இன்னொன்று, இந்தச் சலுகை கிரெடிட் கார்டுக்கு மட்டும்தான். வீட்டுக் கடனில் கணவர் சம்பளம் கணக்கில் வர வேண்டும் என்றால் அவரும் கடனில் கையெழுத்துப் போட வேண்டும். கார் கடனிலும் பெரும்பாலும் அப்படித்தான். கார்டு கிடைத்த தைரியத்தில் டீலரிடம் போய் 1,24,000 என் வருமானம் என்று எழுதிவிடாதீர்கள்.

ஐ-140 ஒப்புதல் ஆகி உங்களுக்கு வேலை அனுமதியும் எஸ்.எஸ்.என். என்ற சமூகப் பாதுகாப்பு எண்ணும் வந்ததும், ஒவ்வொரு கார்டு வங்கிக்கும் போன் செய்து ஐ.டி.ஐ.என். இருந்த இடத்தில் எஸ்.எஸ்.என். மாற்றச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டைப் பராமரிக்கும் மூன்று கிரெடிட் பீரோக்களுக்கும் எழுதுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் இத்தனை நாள் சேர்த்த வரலாறு பழைய எண்ணிலேயே தனியாகக் கிடக்கும். புது எண்ணைப் போட்டுத் தேடுகிற வங்கிக்கு நீங்கள் நேற்று வந்து இறங்கியவராகத் தெரிவீர்கள்.