குளித்துவிட்டுக் குளிக்கும் இடம்: சென்டோ கேள்வி பதில்

டோக்கியோவில் ஒரு சென்டோவில் ஐந்து ஆண்டுகள் கொதிகலன் வேலையும் இரவுத் துப்புரவும் பார்த்தேன். சென்டோ என்பது அக்கம்பக்கத்தார் காசு கொடுத்துக் குளிக்கும் பொதுக் குளியல் கூடம். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, அங்கே ஒரு நாள் வேலை எப்படி நடக்கும்?

பதில்: கதவு பிற்பகல் மூன்றரைக்குத் திறக்கும், நண்பகலுக்கு முன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். பெரும்பாலான கூடங்கள் எரிவாயுவுக்கோ எண்ணெய்க்கோ மாறிவிட்டன; எங்களுடையது விறகு. இடித்த வீடுகளின் உத்தரமும் பலகையும் கொல்லையில் வந்து இறங்கும். சாம்பலில் ஆணி பொறுக்குவதே தனி வேலை. தொட்டித் தண்ணீர் 43 டிகிரியை எட்டியதும் முதலாளியம்மாள் வாசலில் துணித் திரையை மாட்டுவார். அதற்கு முன்பே நான்கைந்து முதியவர்கள் துண்டும் சோப்புப் பெட்டியுமாக நிற்பார்கள். யாரும் இறங்காத முதல் தண்ணீர்மேல் அவர்களுக்கு அத்தனை ஆசை.

இரவு பதினொன்றரைக்குத் திரை உள்ளே வந்த பிறகுதான் என் முக்கிய வேலை. தொட்டியை வடியவிட்டு, தரை, சுவர் ஓடு, குழாயடி, குட்டை முக்காலி என்று ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். கெரோரின் என்ற வலி மருந்தின் பெயர் அச்சிட்ட வாளிகள் 1963 முதல் சென்டோக்களில் புழங்குகின்றன. அவற்றில் சோப்புப் படிவு கண்ணுக்குத் தெரியாது. உள்பக்கம் விரலை ஓட்டினால் வழுக்கும். கடைசியாக, வடிகட்டிக்கு முன்னால் முடி பிடிக்கும் கூடை. அதைத் திறந்தால் நனைந்த பூனைக்குட்டிபோல ஒரு கற்றை கையில் வரும். முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. படுக்க மணி இரண்டாகிவிடும்.

கேள்வி: உண்மையிலேயே ஆடை எதுவும் இல்லாமலா?

பதில்: ஆம். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம், நடுவே சுவர். துண்டைத் தொட்டிக்குள் முக்காதீர்கள்.

கேள்வி: கட்டணம் எவ்வளவு என்று முதலாளியே முடிவு செய்யலாமா?

பதில்: முடியாது. 1946ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அந்தந்த மாகாணம் உச்சவரம்பு வைக்கிறது. டோக்கியோவில் பெரியவர்களுக்கு அது 2024 ஆகஸ்டில் 550 யென் ஆனது. எண்ணெய் விலை ஏறினாலும் முதலாளி தன் விருப்பத்துக்கு ஒரு யென் கூட்ட முடியாது. உணவகமும் ஓய்வறையும் கொண்ட ‘சூப்பர் சென்டோ’க்களுக்கு இந்த வரம்பு இல்லை.

கேள்வி: பச்சை குத்தியவர்களை விடுவார்களா?

பதில்: அக்கம்பக்கச் சென்டோக்களில் பெரும்பாலும் விடுவார்கள். சூப்பர் சென்டோக்களில் மறுப்பது உண்டு. வாசல் அறிவிப்பைப் பாருங்கள்.

கேள்வி: நூறு பேர் இறங்கி எழுந்த தண்ணீரில் போய் உட்காருவதா? நம் ஊர் வாளிக் குளியல் இதைவிடச் சுத்தம் இல்லையா?

பதில்: இது வந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். தொட்டி அழுக்குப் போக்கும் இடம் அன்று. குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சோப்புத் தேய்த்து, நுரை போக அலசிய பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். தேய்க்காமல் இறங்குகிறவரைக் கண்டால் எனக்கு இன்றும் கை பதறுகிறது. எங்கள் தண்ணீர் வடிகட்டி வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு மணிக்கு ஒருமுறை சிறு குப்பியில் மொண்டு சோதனை மருந்து போடுவேன். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும். அது லிட்டருக்கு 0.4 மில்லிகிராமுக்குக் கீழே குறையக் கூடாது.

கேள்வி: குளோரின் கலந்தால் அது மருந்துத் தண்ணீர். இயற்கை வெந்நீர் ஊற்றில் சூடே கிருமியைக் கொன்றுவிடுமே?

பதில்: கொல்லாது ஐயா. லெஜியோனெல்லா என்ற கிருமி வெதுவெதுப்பில்தான் செழிக்கும். அதைக் கொல்ல 60 டிகிரி வேண்டும். அதில் நீங்கள் வெந்துவிடுவீர்கள். அது தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதைவிடக் குழாய்க்குள்ளும் வடிகட்டிக்குள்ளும் படியும் வழுவழுப்பான பாசிபோன்ற படலத்தில் ஒளிந்திருப்பதே அதிகம். நீர்த்துளியோடு மூச்சில் போனால் நிமோனியா. 2002இல் மியாசாகி மாகாணத்தின் ஹியூகா நகரில், புதிதாகத் திறந்த வெந்நீர் ஊற்றுக் குளியலகத்தில் சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து 295 பேருக்கு நோய் கண்டது. 7 பேர் இறந்தார்கள். புதுக் கட்டடம், ஊற்று நீர், இரண்டும் இருந்தும் காப்பாற்றவில்லை.

கேள்வி: அப்படியானால் ஊற்று நீரெல்லாம் ஆபத்து என்கிறீர்களா?

பதில்: அப்படி நான் சொல்லவில்லை. புதுநீர் ஓயாமல் வந்து வழிந்து போகும் தொட்டி வேறு, அதே நீரைச் சுற்றவிடும் தொட்டி வேறு. சுற்றவிட்டால் குழாயையும் வடிகட்டியையும் கழுவியே ஆக வேண்டும். ஊற்று நீர் காரத்தன்மை மிகுந்ததாக இருந்தால் குளோரினின் வீரியமும் குறையும். ‘இயற்கை’ என்ற சொல்லைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

கேள்வி: ஆனாலும் என் வாளிதான் எனக்கு.

பதில்: தாராளமாக.

கேள்வி: ஆடையில்லாமல் என்றால் வெட்கமாக இருக்காதா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். எதிரே இருப்பவர் உங்களைப் பார்க்க வரவில்லை; முதுகு தேய்க்க வந்திருக்கிறார்.

கேள்வி: மின்சாரம் பாயும் தொட்டி உண்டாமே? அப்பாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறது.

பதில்: உண்டு. உங்கள் அப்பா அதில் கால்கூட வைக்கக் கூடாது. சூடான மற்றத் தொட்டிகளைப் பற்றி அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: தண்ணீர் பொறுக்க முடியாத சூடு. குளிர்நீர்க் குழாயைத் திறந்துவிடலாமா?

பதில்: பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத் திறங்கள். கேட்காமல் திறந்த ஓர் இளைஞனை எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் உடை மாற்றும் அறை வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.

கேள்வி: சென்டோக்கள் ஏன் மூடப்படுகின்றன?

பதில்: 1968 வாக்கில் நாடு முழுவதும் சுமார் 18,000 இருந்தன, இன்று 2,000க்கும் குறைவு. வீட்டுக்கு வீடு குளியலறை வந்துவிட்டது. கொதிகலன் கெட்டால் மாற்றப் பெரும் பணம் வேண்டும். இரவு இரண்டு மணி வரை தரை தேய்க்க மகன் வருவதில்லை. எங்கள் முதலாளியம்மாளின் மகன் கணக்காளர்.

கேள்வி: துண்டைத் தலையில் வைத்துக்கொள்வது ஏன்?

பதில்: தொட்டிக்குள் போகக் கூடாது என்பதால். மூன்றாம் முறை இதைச் சொல்ல வைக்காதீர்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் எலுமிச்சை மிதக்கவிடுவார்களாமே?

பதில்: எலுமிச்சை இல்லை, யூசு, அதே இனத்துப் பழம்தான். ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று மிதக்கவிடுவார்கள். கூடம் முழுக்க மணக்கும். பழங்களை வலைப்பையில் கட்டித்தான் போடுவோம்; பிள்ளைகள் பிய்த்துவிடுவார்கள். அன்று இரவு முடிக்கூடையில் கற்றையோடு கற்றையாக விதைகள் சிக்கியிருக்கும். ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும்.